வாலில் சக்கரம் இருந்தால் பெட்ரோல் குடிக்குமா?

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், விமானம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த யாராவது ஒருவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். பயிற்சிப் பள்ளி வந்தாலும் வரட்டும், அந்தக் காலத்து வால்சக்கர விமானம் மட்டும் வேண்டாம். அது ஆமை வேகம், போதாததற்கு பெட்ரோல் வேறு குடிக்கும் என்பார். கூட இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். இந்தத் தீர்ப்புக்குள் மூன்று கூற்றுகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன: வால்சக்கரத்தால் வேகம் குறைகிறது, வேகம் குறைவதால் எரிபொருள் வீணாகிறது, வேகம்தான் ஒரு சிறு விமானத்தின் தகுதிக்கு அளவுகோல். மூன்றும் தவறு. முதலாவது முழுத் தவறு, இரண்டாவது முக்கால் தவறு, மூன்றாவது தவறான கேள்விக்குச் சொன்ன பதில்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இறக்கைக்குக் கீழே இரண்டு பெரிய சக்கரங்கள், வால் நுனியில் ஒரு சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். ஆஸ்டர், பைப்பர் கப் எல்லாம் இந்த வகை. பெங்களூர் ஹெச்.ஏ.எல். செய்த ஹெச்.டி.-2, புஷ்பக் இரண்டும் இதே வகை. புஷ்பக் 1958-ல் முதலில் பறந்தது. 90 ஹெச்.பி. கான்டினென்டல் எஞ்சின், துணி போர்த்திய உடல், இரண்டு பேருக்கு இடம், மணிக்கு ஏறக்குறைய 137 கி.மீ. பயண வேகம். நாடு முழுக்க இருந்த ஃப்ளையிங் கிளப்புகளுக்கென்றே செய்த விமானம் அது. உளுந்தூர்பேட்டை ஓடுதளமோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் பங்கில் வந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைக்கிறேன். நோஞ்சானாக்கி நிறுத்திவிட்டு அடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் காமலாபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 135 கி.மீ. புஷ்பக் அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும். மூக்கின் கீழே சக்கரம் வைத்த செஸ்னா 172, மணிக்கு 200 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், நாற்பது நிமிஷத்தில் போய்விடும். ஒரு எஞ்சின் அறுபது நிமிஷம் எரிக்கிறது, இன்னொன்று நாற்பது நிமிஷம். எதிர்க்காற்று அடித்தால் மெதுவான விமானம் மேலும் பின்தங்கும். எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் கெடுவும் ஓடிய மணிக்கணக்கில்தான் வருகிறது. ஆகவே வேகமே சிக்கனம். உலகம் முழுக்க மூக்குச்சக்கரத்துக்கு மாறியிருக்கிறதே, மாறியவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

1. சக்கரத்தின் மேல் எதற்குப் பழி? காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். வால்சக்கரம் உள்ளங்கை அகலம். உடலின் கடைசியில், உடலுக்குப் பின்னால் ஒளிந்ததுபோல இருக்கிறது. மூக்குச்சக்கரமோ தடித்த கால், அதிர்ச்சி தாங்கி, முழு அளவு டயர் என்று புரொப்பெல்லர் வீசும் காற்றின் நடுவிலேயே நிற்கிறது. எடையும் கூடுதல். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் வேகம் குறைய வேண்டியது மூக்குச்சக்கர விமானத்துக்குத்தான்.

இது ஊகம் இல்லை. ஒரே விமானத்தை இரண்டு விதமாகவும் செய்து விற்ற கம்பெனிகள் உண்டு. பைப்பர் கம்பெனியின் பேசர் வால்சக்கர விமானம். 1951-ல் அதற்கே மூக்குச்சக்கரம் பொருத்தி ட்ரை-பேசர் என்று கொண்டுவந்தார்கள். பழைய ட்ரை-பேசரை வாங்கி, மூக்குச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வாலுக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் அமெரிக்காவில் உண்டு; வேகம் ஒரு சில மைல் கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. வேன்ஸ் கம்பெனியின் ஆர்.வி.-7 வால்சக்கரம், ஆர்.வி.-7ஏ மூக்குச்சக்கரம், இறக்கையும் எஞ்சினும் ஒன்றே. அங்கும் வால்சக்கரம் மயிரிழை முன்னால் நிற்கிறது. வித்தியாசம் சின்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் இவர்கள் சொல்லும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. மணிக்கு 550 கி.மீ.க்கு மேல் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கும் சக்கரம் வாலில்தான் இருந்தது என்பதை நினைவூட்டவும் கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் உலகம் ஏன் மாறியது? விற்றவர்களையே கேட்கலாம். 1956 மாடலாக செஸ்னா 172 வந்தபோது கம்பெனி பெரிதாக முழங்கியது வேகத்தை அல்ல, ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று தாங்களே பெயர் சூட்டிய சக்கர அமைப்பை. இறங்குவது சுலபம், தரையில் ஓட்டுவது சுலபம் என்பதுதான் வியாபாரம். மாறியவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் மாறிய காரணம் தரையில் இருந்தது. நம்மவர்கள் அதை வானத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

புஷ்பக் மெதுவாகப் போவதற்குக் காரணம் வேறு. அதன் இறக்கைப் பரப்பு சுமார் 175 சதுர அடி. செஸ்னா 172-க்கும் கிட்டத்தட்ட அதே பரப்பு. ஆனால் புஷ்பக் முழு எடையோடு 613 கிலோ, 172 ஆயிரம் கிலோவைத் தாண்டும். இவ்வளவு லேசான உடலுக்கு இவ்வளவு பெரிய இறக்கை கொடுத்ததே மிக மெதுவாக வந்து சிறிய புல்தரையில் இறங்க வேண்டும் என்பதற்காக. அந்தச் சௌகரியத்துக்கு வேகத்தில் விலை கொடுத்தார்கள். கூடவே துணிப் போர்வை, வெளியே தெரியும் முட்டுக்கம்பிகள், 90 ஹெச்.பி. எஞ்சின். இத்தனை காரணங்களும் கண்ணுக்கு எதிரே இருக்க, குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு சின்ன ரப்பர் சக்கரம்.

2. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டவர்கள், மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார்களா? இந்த வகைப் பழைய எஞ்சின்கள் ஒரு ஹெச்.பி.க்கு மணிக்கு 225 கிராம் வரை பெட்ரோல் எரிக்கும். புஷ்பக்கின் எஞ்சின் எழுபது சதவீதத் திறனில் ஓடினால் 63 ஹெச்.பி. கணக்குப் போட்டால் மணிக்கு 14 கிலோ, அதாவது 20 லிட்டர். 160 ஹெச்.பி. செஸ்னா 172, மிக்ஸ்சரில் பெட்ரோலின் பங்கை ஒழுங்காகக் குறைத்து ஓட்டினால், மணிக்கு 32 லிட்டரை ஒட்டி எரிக்கும்.

இப்போது 135 கி.மீ. காற்றில்லாத நாளில் புஷ்பக்குக்கு 59 நிமிஷம், 20 லிட்டருக்குச் சற்றுக் கீழே. 172-க்கு 40 நிமிஷம், 21 லிட்டருக்குச் சற்று மேலே. ஆமை என்று ஒதுக்கியது, குதிரை என்று கொண்டாடியதைவிட ஒன்றரை லிட்டருக்கு மேல் குறைவாகக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எஞ்சின் எத்தனை நிமிஷம் ஓடியது என்பதை மட்டும் எண்ணி, ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு எரித்தது என்பதை எண்ணாமல் விட்டதுதான் எதிர்த்தரப்பின் கணக்குப் பிழை. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்.

172-ல் நான்கு இருக்கை உண்டே என்பார்கள். உண்மை. நான்கு பேர் குடும்பத்தோடு ஊருக்குப் போவதானால் 172-தான் சிக்கனம், சந்தேகமே இல்லை. பயிற்சி விமானத்தில் மாணவரும் ஆசிரியரும் மட்டும் உட்காருகிறார்கள். பின்னிருக்கைகள் இரண்டும் காலியாக, ஆனால் எடையோடு, கூடவே பறந்து வருகின்றன.

3. வேகத்துக்கு என்ன விலை என்று தெரிந்துதான் கேட்கிறார்களா? காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான எஞ்சின் பலம் வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. பத்து சதவீதம் கூடுதல் வேகம் வேண்டுமானால் ஏறக்குறைய முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் பலம். அந்தப் பலம் பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும், வேறு ஊற்று கிடையாது.

இதற்கு அமெரிக்க உதாரணம் தேட வேண்டியதில்லை; நம் விமானப்படையே இருக்கிறது. வி.எம். காட்கே வடிவமைத்த ஹெச்.டி.-2, 1951-ல் முதலில் பறந்த வால்சக்கரப் பயிற்சி விமானம். 155 ஹெச்.பி. எஞ்சின், பயண வேகம் மணிக்கு சுமார் 185 கி.மீ. அதன் இடத்துக்குப் பின்னாளில் வந்தது ஹெச்.பி.டி.-32 தீபக், மூக்குச்சக்கர விமானம். அதன் எஞ்சின் 260 ஹெச்.பி., பயண வேகம் சுமார் 213 கி.மீ. ஹெச்.பி. அறுபத்தெட்டு சதவீதம் கூடியது. வேகம் பதினைந்து சதவீதம் கூடியது. தீபக் கூடுதல் எடை கொண்டது, அக்கம்பக்கமாக இரண்டு பேர் உட்காரும் அகலமும் கூடுதல், ஆகவே முழுப் பழியும் மும்மடி விதி மேல் விழாது. ஆனால் திசை தெரிகிறதா இல்லையா?

தீபக்கைத் தொட்டுவிட்டதால் ஒரு வார்த்தை. பறந்துகொண்டிருக்கையில் எஞ்சின் நின்றுபோகும் கோளாறு அதைத் துரத்தியது, உயிர்கள் போயின, 2009-ல் அதைத் தரையில் நிறுத்திவிட்டார்கள். யாரும் மூக்குச்சக்கரத்தால்தான் எஞ்சின் நின்றது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அந்த நியாயம் புஷ்பக்கின் வால்சக்கரத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

இங்கே என் தரப்பையும் கொஞ்சம் குட்ட வேண்டியிருக்கிறது. பழைய விமானத்தை நேசிப்பவர்களிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு: திராட்டிலை இழுத்து வேகத்தைக் குறைக்கக் குறைக்க மிச்சம் என்பது. கிடையாது. வேகம் குறையக் குறைய உயரம் இழக்காமல் இருக்க மூக்கைத் தூக்க வேண்டும். தூக்கத் தூக்க இறக்கையே பெரிய தடையாக மாறும். ஒரு கட்டத்துக்குக் கீழே இன்னும் மெதுவாகப் பறக்கவே கூடுதல் பலம் தேவைப்படும். அந்தக் கட்டத்துக்கு முன்பே கிலோமீட்டர் கணக்கில் நஷ்டம் தொடங்கிவிடும். மெதுவாகப் போவது தன்னளவில் ஒரு புண்ணியம் இல்லை.

4. பயிற்சி மாணவன் எதை வாங்குகிறான், கிலோமீட்டரையா மணியையா? இங்கேதான் எதிர்த்தரப்பின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு, அதை வழங்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரப் பறப்பு. தனிப் பொறுப்பில் இத்தனை மணி, ஊர்விட்டு ஊர் இத்தனை மணி, கருவிகளை மட்டும் பார்த்து இத்தனை மணி என்று எல்லாம் மணிக்கணக்கு. தூரம் என்று வருவது 300 கடல் மைல் நீளமுள்ள ஒரு பயணத்தில் மட்டும்தான். 200 மணி நேரத்தில் நீ எத்தனை கிலோமீட்டர் போனாய் என்று எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை. வேகமான விமானத்தில் ஏறினால் 200 மணி 150 மணியாகச் சுருங்காது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 20 லிட்டருக்கும் 32 லிட்டருக்கும் வித்தியாசம் 12. 200 மணிக்கு 2,400 லிட்டர். எல்லா மணியையும் ஒரு சின்ன விமானத்தில் முடிக்க முடியாது. கருவிப் பயிற்சிக்கும் வேறு சிலவற்றுக்கும் வேறு விமானம் வேண்டும். பாதி என்று வையுங்கள், 1,200 லிட்டர். அது ஒரு மாணவனுக்கு. விமானி ஆக நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கிற மாவட்டத்தில் இந்த 1,200 லிட்டரைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதுவும் சாதாரண பெட்ரோல் இல்லை, ஏவ்காஸ். நீல நிறம், ஈயம் கலந்தது. 2022-ல் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் தயாரிக்கத் தொடங்கும்வரை நாட்டுக்குத் தேவையானதைக் கப்பலில்தான் தருவித்தோம். உளுந்தூர்பேட்டை போன்ற ஓர் ஓடுதளத்தில் முதல் நாளே எரிபொருள் லாரியும் நிலத்தடித் தொட்டியும் வந்துவிடும் என்று கனவு காணாதீர்கள். பீப்பாயில்தான் தொடங்கும். கைப்பம்பு போட்டு, வடிகட்டி வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் இறக்கைக்கு அடியில் இருக்கும் வால்விலிருந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலத்துக்கு அடியில் நிறமில்லாத முத்து ஒன்று உருண்டால் அது தண்ணீர், மறுபடி வடிக்க வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று புஷ்பக்குக்குப் பத்து மணி நேரம் வரும். 172-க்கு ஆறேகால் மணி நேரம். பள்ளி நடத்துகிறவருக்குப் பீப்பாய் கணக்கு புரியும். பயண வேகத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

எஞ்சின் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது என்ற வாதமும் இதோடு விழுகிறது. மாணவன் பறக்கும் மணி இரண்டு விமானத்திலும் ஒன்றே. தேய்மானமும் ஒன்றே.

வேகத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவரவில்லை. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்ததும், அதே தபாலோடு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னை வரை கொண்டுவந்ததும் பஸ் மாத் என்ற சின்ன விமானம்தான். அதுவும் வாலை ஊன்றி நிற்கும் ஜாதி. அங்கே வேகம்தான் சரக்கு. ரயிலை முந்த வேண்டும், முந்தியது. தபாலுக்கு வைத்த அளவுகோலை, ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கப் பழகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு வைத்தால் எப்படி?

5. காற்றைப் பற்றி அவர்கள் சொல்வது? இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதனால் நின்று பேச வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புஷ்பக் அம்மியைவிட லேசு இல்லை என்றாலும் பயம் நியாயமானதே. தென்மேற்குப் பருவக் காலத்தில் இந்த வட்டாரத்தில் மேற்கிலிருந்து வீசும். மேலே போகப் போக வலுக்கும். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகிறவனுக்கு அது நேர் எதிர்க்காற்று. 40 கி.மீ. காற்று என்று வையுங்கள். புஷ்பக் தரையைக் கடக்கும் வேகம் 97 கி.மீ.யாக இறங்கும், 135 கி.மீ.க்கு 83 நிமிஷம், 28 லிட்டர். 172-க்கு 160 கி.மீ., 51 நிமிஷம், 27 லிட்டர். இப்போது 172 ஜெயிக்கிறது. ஒரு லிட்டர் வித்தியாசம், ஆனாலும் ஜெயம் ஜெயம்தான்.

ஆனால் போனவன் திரும்பி வரவேண்டுமே. பின்காற்றில் புஷ்பக் 46 நிமிஷத்தில் 15 லிட்டரில் வந்துவிடும். 172-க்கு 34 நிமிஷம், 18 லிட்டர். போக வரக் கூட்டினால் புஷ்பக் 43 லிட்டர், 172 45 லிட்டர். காற்று 60 கி.மீ. ஆனால் கணக்கு மறுபடி புரண்டு 172 ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் பிடிக்கும். சரி, அந்த நாளில் பயிற்சி விமானம் எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டிவைக்க வேண்டிய நாள் என்பதை யார் சொல்வது?

எதிர்த்தரப்பு இந்த இடத்தில் லிட்டரை விட்டுவிட்டு மலையைப் பிடித்திருக்க வேண்டும். அவர்களுடைய உண்மையான வலு அங்கேதான் இருக்கிறது, அவர்கள் பார்க்கவில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து காமலாபுரத்துக்கு நேர்கோடு போட்டால் அது கல்வராயன் மலையின் தென்பகுதியில் ஏறி இறங்கும். பெரிய கல்வராயன் சராசரியாக 4,000 அடி, வடக்கே சின்னக் கல்வராயன் 2,700 அடி. 6,000 அடிக்கு ஏறினால்தான் தலைக்கு மேல் ஓரளவு இடம் இருக்கும். புஷ்பக் நல்ல நாளில் நிமிஷத்துக்கு 500 அடி ஏறும், அதுவும் தரைமட்டத்தில். மேலே போகப் போகக் குறையும். மே மாதம் 40 டிகிரி வெயிலில் காற்று இளைத்துவிடும். கடல்மட்டத்தில் நிற்கும்போதே எஞ்சினும் இறக்கையும் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். பருவக் காற்றுக் காலத்தில் இன்னொரு வில்லங்கம். மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் ஏறி, கள்ளக்குறிச்சிப் பக்கம் சரிந்து இறங்குகிறது. கிழக்கிலிருந்து மலையை நோக்கி வருகிற விமானி மேலே ஏற வேண்டிய அதே இடத்தில் காற்று அவனைக் கீழே அழுத்துகிறது. நிமிஷத்துக்கு 500 அடி அழுத்தினால் புஷ்பக்கின் ஏறும் பலம் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். கோமுகி அணையின் நீர்ப்பரப்பு கீழே தெரியும். அதைத் தாண்டி மலைச்சரிவு எழுந்து நிற்கும். உயரமானியின் முள் அசையாது. அந்த நேரத்தில் 160 ஹெச்.பி. வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆனாலும் அந்த நேர்கோட்டில் ஏன் போக வேண்டும்? ரயிலும் சாலையும் போகாத வழி அது. சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று வடக்கே கல்வராயனும் தெற்கே பச்சைமலையும் விட்டுக்கொடுத்த கணவாயில் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை போகிறது. அதையே பிடித்துக்கொண்டு பறந்தால் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் கூடுதல். அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் அரை லிட்டர் சொச்சம். 6,000 அடிக்கு முழு திராட்டிலில் ஏறுவதைத் தவிர்த்ததில் அதைவிடக் கூடுதலாக மிச்சப்படும். கீழே மரவள்ளிக் காடுகளும், ஜவ்வரிசி ஆலைகளின் வெள்ளை வெளேரென்ற உலர்களங்களும் வழிகாட்டும். எஞ்சின் இருமினால் இறங்க வயல் இருக்கிறது. மலை மேல் அதுவும் இல்லை.

காற்றையும் பெட்ரோலையும் சேர்த்துப் பார்த்து வழியைத் தேர்வதுதான் மாணவன் கற்க வேண்டிய பாடம். பைப்பர் கப்பில் எரிபொருள் மானி என்பது ஒரு தக்கையும் அதில் செருகிய கம்பியும். தொட்டி மூடியின் துளை வழியாகக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணாடிக்கு முன்னாலேயே. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். எதிர்க்காற்றில் கீழே இருக்கும் லாரிகள் தன்னை முந்துவதையும் அந்தக் கம்பி இறங்குவதையும் சேர்த்துப் பார்க்கிற மாணவனுக்கு, தரைவேகம் என்றால் என்ன, எப்போது திரும்ப வேண்டும் என்பதை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

6. தரையில் சுழன்றுவிடும் என்கிறார்களே? சுழலும். வால்சக்கர விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கைவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப்போல, கொஞ்சம் கோணினாலும் பின்பாரம் முன்னே வரப் பார்க்கும். காலால் ரடர் எனும் வால்சுக்கானைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்காவிட்டால் விமானம் வட்டமடித்து இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும். பக்கக் காற்றில் இன்னும் மோசம். பழுதுச் செலவு, காப்பீடு, இதைச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்கள் அருகிவிட்டது எல்லாம் உண்மையான ஆட்சேபணைகள். இவற்றுக்காக ஒரு பள்ளி மூக்குச்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை அந்தக் காரணத்தைச் சொல்லித் தேர்ந்தெடுக்கட்டும். தரையில் ஏற்படும் பயத்தைப் பெட்ரோல் கணக்கில் எழுதுவது கணக்கு மோசடி.

7. அப்படியானால் புஷ்பக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாயா? இல்லை. அதற்கு உதிரிபாகம் தேடுகிறவன் பறப்பதைவிடத் தேடுவதிலேயே நாளைக் கழிப்பான். புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சந்தையில் ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சின்கள் இருக்கின்றன: நூறு ஹெச்.பி., மணிக்கு இருபது லிட்டருக்குள், ஈயமில்லாத சாதாரண மோட்டார் பெட்ரோலிலும் ஓடக்கூடியது. அதைப் பொருத்திய டெக்னாம் விமானங்கள் மணிக்கு 200 கி.மீ.யை ஒட்டிப் பறக்கின்றன. புஷ்பக்கின் தாகம், 172-ன் வேகம். அவற்றுக்கு மூக்குச்சக்கரம் இருக்கிறது, இருக்கட்டும். அதே எஞ்சினை வால்சக்கர உடலில் பொருத்தியும் பல நாடுகளில் பறக்கிறார்கள். எரிபொருளைத் தீர்மானிப்பது எஞ்சினும், எடையும், உடலின் வழவழப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

உளுந்தூர்பேட்டைக்கு என்றாவது ஒருநாள் விமானம் வாங்க உட்காருகிறவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, அறுபத்தைந்து சதவீதத் திறனில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது. அடுத்தது, இரண்டு பேர் ஏறி, தொட்டி நிரம்பி, மே மாத மதியத்தில் நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறும் என்பது. மூன்றாவது, எந்தப் பெட்ரோல், அது பீப்பாயில் எங்கிருந்து வரும் என்பது. அதற்கப்புறம் பொழுது இருந்தால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.